காலிக் கட்டமாகப் போன அழைப்பிதழ்

எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால், இ-மெயிலில் பத்திரிகை அனுப்பும் யாருக்காவது உதவுமே என்று தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம், திருக்கடையூரில் என் மாமனாருக்கு சதாபிஷேகம். என் மூத்தார் பிலாயில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று அங்கேயே இருப்பவர். நிலத் தகராறில், 2016லிருந்து அண்ணன், தம்பிக்குள் பேச்சில்லை. 'நான் போன் பண்ண மாட்டேன். வேணும்னா நீ அழைப்பு அனுப்பு' என்று சொல்லி விட்டார் என்னவர். பத்தாவது வரை படித்த நான், கடைக் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் ஓரளவு பழகியிருந்தேன். அச்சகத்தார், பிழை பார்ப்பதற்காக, பத்திரிகையைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருந்தனர். பிள்ளையார், மாவிலைத் தோரணம் என்று அவ்வளவு அழகு! அதை அப்படியே நகல் எடுத்து, கடிதத்துக்குள் ஒட்டி அனுப்பினேன். வேறு ஒரு வரி கூட எழுதவில்லை.

நான்கு நாள் கழித்து நாத்தனார் போனில் பிடித்துக் கொண்டாள். 'என்ன அண்ணி இது... கூப்பிட மனசில்லேன்னா சும்மா இருந்திருக்கலாம். வெறும் கட்டத்தை அனுப்பிக் கேலி பண்றாங்களேன்னு பெரியண்ணன் அழாத குறையா சொல்றார்' என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளும் நானும் உட்கார்ந்து ஆராய்ந்த போது தான் குட்டு வெளிப்பட்டது. படமும், வண்ணமுமாக அனுப்பும் கடிதத்தை எச்.டி.எம்.எல்., மெயில் என்கின்றனர். அதில் படத்தை இரண்டு விதமாக வைக்கலாம். சீர்த்தட்டில் பழத்தையும் வைத்து அனுப்புவது ஒன்று. 'பழம் இந்தக் கடையில் இருக்கு, எடுத்துக்கோங்க' என்று சீட்டு மட்டும் வைப்பது இன்னொன்று. நான் அனுப்பியது வெறும் சீட்டு! முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வரும் கடிதத்தில், இப்படி வெளியிலிருந்து எடுக்க வேண்டிய படங்களைப் பல மெயில் மென்பொருட்கள் தாமாகக் காட்டாது. படத்தை எடுக்கப் போனால், கடிதத்தைப் பிரித்து விட்டோம் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்து விடுமாம். இப்படி வேவு பார்க்கவே, கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் வைத்து அனுப்பும் வியாபாரிகள் இருக்கின்றனர். போதாக்குறைக்கு, அச்சு வேலை முடிந்ததும், அச்சகத்தார் அந்தப் படத்தை எடுத்தும் விட்டிருந்தனர்.

விசேஷத்துக்கு இன்னும் ஒன்பது நாள். இந்த முறை தேதி, நேரம், இடம், வரும் வழி எல்லாவற்றையும் எழுத்தாகவே தட்டினேன். படம் ஒன்றே ஒன்று தான். சைக்கிள் பாரில் தம்பியை உட்கார வைத்து அண்ணன் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மொபைலில் எடுத்ததும் 4 எம்.பி., இருந்தது. கடிதத்துக்குள் போகும் படம் எழுத்துக்களாக மாற்றப்படுவதால், மூன்று பங்கு, நான்கு பங்காகப் பெருத்து விடும். அதனால் 800 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, உள்ளேயே பதித்தேன். படம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் தெரிய, 'அண்ணனும், தம்பியும் சைக்கிளுடன்' என்று மாற்று வாசகமும் சேர்த்தாள் மகள். பார்வையற்றோருக்குக் கணினி படித்துச் சொல்வதும் இந்த வாசகத்தைத் தான். வெளிப் படங்களைக் கேட்காமல் காட்டக் கூடாதென எங்கள் கடை மெயிலில் மாற்றி வைத்து, முதலில் அதற்கு அனுப்பிப் பார்த்தோம். படம் தெரிந்தது. அதன் பிறகே அவருக்கு அனுப்பினேன்.

மெயிலில் படத்தையும், ஒலியையும் சேர்க்கும் 'மைம்' முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டீன், 1992 மார்ச் 11ல் அந்த முறையில் முதலில் அனுப்பியது, தன் பாட்டுக் குழுவின் படத்தையும், பாட்டையும் தானாம். அவருக்கும் சொந்த விஷயம் தான் முதலில் வந்திருக்கிறது, பாருங்கள்!

மறுநாள் காலை பதில் வந்தது. 'படம் தெரிகிறது. மாயவரத்தில் இறங்கி எப்படி வர வேண்டும்?' வரும் வழியைத் தான் எழுதியிருந்தேனே! இருந்தாலும் இவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. வண்டி வரும் நாளன்று, ஸ்டேஷனில் போய் நின்று, பெட்டியை வாங்கிக் கொண்டவர் இவர் தான். நிலத்தைப் பற்றி இருவரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குப் போனதும், அந்த சைக்கிள் படத்தைப் பெரிதாக பிரின்ட் போட வேண்டுமென்று கேட்டிருந்தார் மூத்தார். சுருக்கிய படம் பிரின்ட் போடத் தேறாது என்பதால், அசலையே தனி இணைப்பாக அனுப்பி வைத்தேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.