முடையும் நொடிப்பும்: வங்கி இடர் பற்றிய ஒரு விளக்கம்

பொருளால் வரும் இருவேறு துன்பங்களைத் தமிழ் வழக்கு இரு சொற்களால் பிரித்துணர்த்துகின்றது. உடைமை இருந்தும் உற்ற நேரத்தில் கையிற் பணம் இல்லாமை முடை. கடன் உடைமையை விஞ்சிவிடுதல் நொடிப்பு. வங்கியியலார் கூறும் நீர்மை இடர் முன்னதன்பாற் படும். வட்டியும் விலையும் மாறுவதால் உடைமையின் மதிப்புக் குன்றும் சந்தை இடர் பின்னதற்கு வழிகோலும். இவை தனித்தனியே நிற்பன அல்ல என்பதே ஈண்டு நாம் விளக்கப் புகுவது.

முடைக்குரிய வித்து வங்கித் தொழிலிலேயே உள்ளது. வடசென்னையை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டு விசைப்படகினர், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், வங்கியில் இட்ட பணத்தை எடுத்தே குடும்பம் நடத்த நேரும். எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நெடுங்காலக் கடனோ பல்லாண்டு கழிந்தே முற்றும் மீளும்.

சந்தை இழப்பின் கொடுமையைச் சென்னை 1906இல் கண்டது. துறைமுகத்தை அடுத்த கடற்கரைச் சாலையில் புகழோடு விளங்கிய அர்பத்நாட் கம்பெனி அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் வீழ்ந்தது. அதனோடு பிணைந்திருந்த லண்டன் நிறுவனம் ஊக வாணிகத்தில் இழந்த பொருள், ஈண்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தோர் தலையில் விடிந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடி வழக்கில் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அத்துயரின் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி பணி தொடங்கியது.

முடையைத் தடுக்கச் சட்டம் வழி வகுத்துள்ளது. வங்கிகள் தம் வைப்பில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாகவும், மற்றொரு பகுதியைப் பெரும்பாலும் அரசுக் கடன்பத்திரமாகவும் வைத்தல் வேண்டும். ஆயின் முடைக்கு மருந்தாகும் அப்பத்திரமே சந்தை இடரையும் சுமந்து வருகின்றது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று முதிர 10 ஆண்டு உள்ளதெனக் கொள்வோம். சந்தை வட்டி 8 விழுக்காடானால் அதன் விலை ஏறத்தாழ 87 ரூபாயாகக் குறையும். முதிருங்காறும் பொறுத்திருப்பின் 100 ரூபாயும் கிட்டும். இடையில் விற்க நேரின் இழப்பு உறுதியாகும். பொறுக்கவொட்டாமல் செய்வது முடை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி வீழ்ந்ததும் இவ்வாறே.

ஆதலின் 30 நாள் நெருக்கடியைத் தாங்கவல்ல இருப்பை வங்கிகள் வைத்தல் வேண்டும் என்னும் விதி இந்தியாவில் 2015 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அவ்விருப்பு வாங்கிய விலையால் அன்றிச் சந்தை விலையால் மதிக்கப்படும். 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபின், 1962இல் வைப்புக் காப்பீடும் தோன்றியது. அதன் வரம்பு 2020இல் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

முடை வந்தபின் நொடிப்பைத் தடுத்தல் அரிது. எனவே இருப்பின் அளவோடு, அதனை இன்றே விற்றால் பெறும் விலையையும் நாள்தோறும் அறிந்திருத்தலே வங்கியாளர் கடமை என்பது பெறப்படும்.