வாரத்துக்கு ஒரு குட்டி

ஆட்டை வாரத்துக்கு விடுவது காரமடைச் சம்சாரிகளுக்குப் புதிதல்ல. ஆடு ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. ஈனும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. விலங்கு நல அமைப்புகள் ‘ஃபாஸ்டர்’ என்று கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான். பங்கு மட்டும் கிடையாது. காப்பகத்து நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ சில வாரம் வீட்டில் வளர்த்து, நல்ல இடம் அமைந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

காப்பகம் இருக்க வீடு எதற்கு? கோவையில் மினி வாசுதேவன் 2006இல் தொடங்கிய ஹியூமேன் அனிமல் சொசைட்டி போன்ற இடங்களுக்கு அடிபட்ட, நோய்ப்பட்ட விலங்குகள் வந்தபடி இருக்கும். கருத்தடைக்குப் பிடித்த தெருநாயை, 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். தாயில்லாக் குட்டியை அப்படி விட முடியாது. கூட்டத்தோடு வைத்திருப்பதும் ஆபத்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் முடிவதற்குள் பார்வோ வைரஸ் தொற்றினால் ஓர் ஈற்றே போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்து செத்த வாசலில் அடுத்த குட்டியை இறக்கிவிடக் கூடாது.

கண் திறக்காத பூனைக்குட்டி என்றால் உங்கள் தூக்கம் போச்சு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம், ராத்திரியிலும், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துப் புகட்ட வேண்டும். மாட்டுப்பால் வயிற்றைக் கெடுக்கும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றுங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. குப்புறக் கிடந்தவாக்கில் குடிக்க வேண்டும், மல்லாத்தினால் புரையேறும். குடித்தபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடியில் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நாக்கால் நக்கிச் செய்கிற வேலை அது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.

மலையடிவாரத் தோட்டத்துச் சாளைகளில் சிறுத்தைப் பயமும் உண்டு. இருட்டினால் குட்டி உள்ளே இருக்கட்டும்.

நாய்க்குட்டி உலகத்தைப் பழகுவது மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரைக்கும்தான். குக்கர் விசில், மிக்சி, பிள்ளைகளின் கூச்சல், வாசலில் வந்து நிற்கும் பைக் எல்லாம் அப்போதே பழகிவிட்டால் போகிற வீட்டில் மிரளாது. கூண்டில் இந்தப் படிப்பு கிடைக்காது.

கொடுக்கும் நாளில் மனசு கேட்காது. ‘நாமே வெச்சுக்கலாமுங்க’ என்று வீட்டில் குரல் எழும். வைத்துக்கொண்டால் தப்பில்லை, ஆனால் அடுத்த குட்டிக்கான மூலை நிரம்பிவிடும். கொடுத்துவிட்டீர்களா? பால் கிண்ணத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காப்பகத்திலிருந்து மறுபடி கூப்பிடுவார்கள்.