திரையில் தெரிவது யாருடைய சொல்?

1976-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள். கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ருமேனியாவைச் சேர்ந்த நாடியா கொமனெச்சி என்னும் 14 வயதுச் சிறுமி, உயரமும் தாழ்வுமாய் அமைந்த இரட்டைக் கம்பிகளில் சுழன்று, தாவி, இறுதியில் தரையில் கால் பதித்து நின்றார். அரங்கிலிருந்த அனைவரின் கண்களும் மதிப்பெண் பலகையை நோக்கித் திரும்பின. பலகையில் ஒளிர்ந்த எண் 1.00!

நடுவர்கள் வழங்கியதோ பத்துக்குப் பத்து. ஆனால் அந்தப் பலகை மூன்று இலக்கங்களை மட்டுமே காட்டும் வகையில் செய்யப்பட்டிருந்தது. 9.95 வரை காட்டலாம், 10.00 என்று காட்ட இடமில்லை. எவரேனும் முழு மதிப்பெண் பெறக்கூடும் என்று அதனை அமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மக்கள் சற்று நேரம் திகைத்தனர். ஒலிபெருக்கி விளக்கிய பிறகே ஆரவாரம் எழுந்தது.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய நிகழ்ச்சிதான். எனினும் இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சிறுமியின் வித்தையை அத்தனை பேரும் தம் கண்களாலேயே கண்டிருந்தனர். கண்ட பின்னரும், பலகை என்ன சொல்லப் போகிறது என்றே காத்திருந்தனர். பல்லாயிரம் மக்கள் கூடும் இடத்தில் உயரத்தில் ஒளிரும் எழுத்துக்கு அத்தகைய மதிப்பு உண்டு. பக்கத்தில் இருப்பவர் சொன்னால், "அப்படியா?" என்று ஐயத்துடன் கேட்போம். பலகையில் வந்துவிட்டாலோ மறுபேச்சுக் கிடையாது.

இந்த மதிப்பு இன்று நேற்று வந்ததன்று. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், செய்தித்தாள் கட்டடம் ஒன்றைச் சுற்றி 1928-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஓடும் எழுத்துப் பலகை ஒன்று அமைக்கப்பட்டது. 14,800 மின்விளக்குகள்! கணினி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. உலோக எழுத்துகளைக் கோத்து நகர்த்துவார்கள். அவை மின்தொடுப்புகளை உரசிச் செல்லும்போது அதற்கேற்ற விளக்குகள் எரிந்து அணையும். கீழே நிற்பவனுக்கு எழுத்துகள் ஓடுவதுபோல் தோன்றும். அவ்வாண்டு ஹூவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியே அதில் முதலில் ஓடியது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் மாலை, ஜப்பான் சரணடைந்த செய்தியை எதிர்நோக்கி அதே பலகையின் கீழ்தான் பெருங்கூட்டம் காத்து நின்றது.

எழுத்திலிருந்து அசையும் படத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர டாட்ஜர் விளையாட்டரங்கில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 'டைமண்ட் விஷன்' என்னும் வண்ணத் திரையை நிறுவியது. 1985-இல் ஜப்பானின் சுக்குபா கண்காட்சியில் சோனி நிறுவனம் எழுப்பிய 'ஜம்போட்ரான்' 40 மீட்டர் அகலமும் 25 மீட்டர் உயரமும் கொண்டது. இவை யாவும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயைச் சிறிதாக்கிப் பல்லாயிரக்கணக்கில் அடுக்கியவை போன்றவை. மின்சாரத்தை விழுங்குபவை.

எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடு அப்போது இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1962-லேயே நிக் ஹோலோன்யாக் என்பவர் சிவப்பொளி தருவதைச் செய்துவிட்டார். பின்னர் பச்சையும் வந்தது. ஆனால் நீலம் மட்டும் அகப்படவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தானே வெண்மை பிறக்கும், மனித முகத்தின் நிறம் பிறக்கும்? இரயில் நிலையங்களிலும், நம் பள்ளிவாசல்களில் ஐந்து வக்துகளின் நேரத்தையும் இகாமத் நேரத்தையும் காட்டும் பலகைகளிலும் செந்நிற எண்களையே கண்டு பழகியிருக்கிறோமே, அந்தச் சிவப்பு மூவரில் முதலில் பிறந்து, விலையும் மலிந்துவிட்ட மூத்த பிள்ளை.

ஜப்பானின் அகாசாக்கி, அமானோ ஆகிய இருவரும் ஒருபுறமும், நிச்சியா என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஷூஜி நாக்கமுரா மறுபுறமும் பல்லாண்டு பாடுபட்டதன் பயனாக, பிரகாசமான நீல ஒளி 1993-இல் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையில் நாக்கமுரா தம் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்து, 2005-இல் சுமார் 84 கோடி யென் பெற்றுச் சமரசம் செய்துகொண்டார் என்பது தனிக் கதை. இன்று உலகின் நகரங்கள்தோறும் ஒளிரும் வண்ணப் பெருந்திரைகளுக்கு வழி திறந்தது அந்த நீலப் பொட்டுதான்.

இனி, திரைக்குப் பின்னால் சென்று பார்ப்போம்.

திரையில் ஒரு புள்ளி என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளின் கூட்டு. அருகருகே உள்ள இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் கொண்டே திரையின் தரத்தை அளப்பார்கள். வாடகைக்கு விடுவோர் 'பி 3', 'பி 4' என்று பேசிக்கொள்வது இதைத்தான். 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் என்று பொருள். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் வைத்தால், 7.68 மீட்டர் அகலமும் 4.32 மீட்டர் உயரமும் உள்ள திரை கிடைக்கும். அதில் அடங்கிய விளக்குகள் 62 இலட்சத்துக்கும் மேல்! எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியோ, ஏறத்தாழ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியாது என்பது தொழிலில் உள்ளவர்களின் கைக்கணக்கு. முன்வரிசையே 15 மீட்டருக்கு அப்பால் இருக்கும் திடலுக்கு 'பி 2' திரையை அதிக வாடகைக்கு எடுப்பது வீண் செலவே.

62 இலட்சம் விளக்குகளையும் ஆட்டிவைப்பது எது? ஒளிப்படக் கருவியிலிருந்தோ கணினியிலிருந்தோ வரும் படத்தை முதலில் ஒரு செயலி வாங்கித் திரையின் அளவுக்கு ஏற்பத் திருத்துகிறது. அனுப்பும் அட்டை அதனைத் துண்டுகளாக்கிக் கம்பிகளின் வழியே அனுப்புகிறது. பெரிய திரை என்பது உண்மையில் பல பெட்டிகளை அடுக்கிய சுவர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பெறும் அட்டை அமர்ந்து தனக்குரிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை இயக்குபவர் முன்கூட்டியே பதிய வேண்டும். அதில் தவறினால், பேச்சாளரின் தலை அவருடைய தோளுக்குக் கீழே இறங்கிவிடும்!

விளக்கை மங்கச் செய்வதற்கு மின்சாரத்தைக் குறைப்பதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏற்றி அணைக்கிறார்கள்; எரியும் நேரம் கூடினால் ஒளி கூடும், குறைந்தால் மங்கும். கண்ணுக்கு இது தெரிவதில்லை. கைபேசியில் படம் பிடித்தால் சில திரைகளில் கரிய கோடுகள் ஓடுவது இதனால்தான். நடுப்பகல் வெயிலில் தெரிய வேண்டிய ஒளியை இரவிலும் அப்படியே விட்டுவைத்தால், அருகிலுள்ள வீடுகளில் உறக்கம் போகும். சாலையில் வண்டி ஓட்டுபவரின் கண் கூசும். நல்ல கட்டுப்பாட்டு அமைப்பில் சுற்றுப்புற ஒளியை அளக்கும் உணர்கருவி இருக்கும். பொழுது சாயச் சாயத் திரையும் தானே தணியும். ஒரு கம்பி அறுந்தாலும் படம் நிற்காதபடி வரிசையின் இருமுனைகளிலிருந்தும் படம் செலுத்தும் ஏற்பாடும் உண்டு. மாநாடுகளில் பெண்கள் பகுதிக்குத் திரை அமைப்போர், இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒளியைச் செய்தியாக்குவதில் மனிதனுக்கு உள்ள விருப்பத்துக்குப் புனித மக்காவிலேயே சான்று உண்டு. ஹரம் ஷரீஃபுக்கு அருகே உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டின் கடிகார முகப்பு 43 மீட்டர் விட்டமுடையது. தொழுகை நேரங்களில் அதன் உச்சியில் பச்சையும் வெள்ளையுமான விளக்குகள் மின்னுகின்றன. தொலைவில் இருப்பவருக்குப் பாங்கின் ஓசை எட்டாமற்போகலாம், ஒளி எட்டும்.

திரையின் எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996 நவம்பர் 16 அன்று, அமெரிக்காவின் பஃபலோ நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட உள்ளரங்கம் ஒன்றில், கூரையிலிருந்து தொங்கிய மாபெரும் மதிப்பெண் பலகை அப்படியே பனித்தளத்தில் விழுந்து நொறுங்கியது. ஆட்டம் தொடங்காத வேளையாதலால் எவருக்கும் காயமில்லை. ஹாங்காங் அத்தனை நற்பேறு பெறவில்லை. 2022 ஜூலை 28 அன்று அங்குள்ள கொலிசியம் அரங்கில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, தொங்கவிடப்பட்டிருந்த திரை ஒன்று மேடையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் மேல் விழுந்தது. ஓர் இளைஞர் மிகக் கடுமையாகக் காயமுற்றார். அரசு அமைத்த குழு ஆராய்ந்தபோது, உலோகச் சோர்வால் கம்பிக்கயிறு அறுந்ததும், தொங்கவிட்ட பொருள்களின் எடை தாள்களில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டப்பட்டிருந்ததும் வெளியாயின. திரை விழுவதற்கு முன்னரே, அதைப் பற்றி எழுதப்பட்ட எண் பொய்யாகியிருந்தது!

எண் பொய்யானதால் நேர்ந்தது அது. திரையில் தோன்றிய வாசகமே பொய்யான நிகழ்ச்சியும் அதே ஆண்டில்தான் நடந்தது.

2022 மே 28. பாரிஸ் நகருக்கு வடக்கேயுள்ள சென்-தெனி பகுதியின் ஸ்தாத் தெ ஃபிரான்ஸ் அரங்கம். ஐரோப்பியக் கால்பந்து சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். லிவர்பூல் அணியும் ரியல் மாட்ரிட் அணியும் மோதவிருந்தன. இரவு 9 மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் தொடங்கவில்லை. அரங்கின் பெருந்திரைகளில் அறிவிப்பு ஒளிர்ந்தது: இரசிகர்கள் தாமதமாக வந்து சேர்ந்ததால் ஆட்டம் தள்ளிவைக்கப்படுகிறது!

வெளியே நடந்தது வேறு. பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட இரசிகர்கள் குறுகிய வழிகளில் தேக்கி நிறுத்தப்பட்டிருந்தனர். வாயில்கள் சில மூடப்பட்டன. கையில் செல்லத்தக்க சீட்டுடன் நின்றவர்கள் நெரிசலில் நசுங்கினர். காவல்துறையினர் கண்ணீர்ப்புகை வீசினர். சிறுவர்களும் மாற்றுத் திறனாளிகளும் அதில் சிக்கினர். ஆட்டம் 36 நிமிடங்கள் தாமதமாகத் தொடங்கியது.

லிவர்பூல் மக்களுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை அறிய, 1989 ஏப்ரல் 15 அன்று நடந்ததை அறிய வேண்டும். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் அவ்வூர் இரசிகர்கள் 97 பேர் உயிர் நீத்தனர். பழியும் இறந்தவர்கள் தரப்பின் மீதே சுமத்தப்பட்டது. இரசிகர்கள் மீது குற்றமில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை அக்குடும்பங்கள் காத்திருந்தன. அன்று உயிர் தப்பியவர்கள் சிலர் பாரிஸிலும் அந்த வரிசையில் நின்றிருந்தனர். உள்ளே இருந்தவர்களும், உலகெங்கும் தொலைக்காட்சியின் முன் இருந்தவர்களும் படித்ததோ, "தாமதமாக வந்தார்கள்" என்பதையே.

அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவரை நொந்து பயனில்லை. அவர் திரைக்குப் பின்னுள்ள அறையில் இருந்தவர்; வாயிலில் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. என்ன எழுத வேண்டும் என்று மேலிருந்து சொல் வரும், விரல் அழுத்தும், நொடியில் விளக்குகள் ஒளிரும். அனுப்பும் அட்டைக்கும் பெறும் அட்டைக்கும் உண்மை எது, பொய் எது என்று தெரியாது. கம்பி அறுந்தால் காப்பாற்ற மறுவழி வைத்திருக்கிறார்கள். ஒளி மிகுந்தால் தணிக்க உணர்கருவி வைத்திருக்கிறார்கள். வாசகத்தை ஒளிர விடுமுன் வாயிலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்யும் ஏற்பாட்டை எந்தக் கருவியும் தானாகத் தருவதில்லை. அரங்கத்தார்தாம் அதனை அமைக்க வேண்டும்.

ஐரோப்பியக் கால்பந்துக் கழகமான யூயெஃபா தானே நியமித்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. பேராபத்தின் விளிம்புவரை சென்ற அந்த இரவுக்கு முதன்மைப் பொறுப்பு யூயெஃபாவுடையதே என்றும், பழியை இரசிகர்கள் மீது போட ஆதாரமில்லை என்றும் அக்குழு உரைத்தது. திரையில் சில நிமிடங்கள் ஒளிர்ந்த வாசகத்தை மறுக்க எட்டரை மாதங்கள் ஆயின. அடுத்த மாதமே, லிவர்பூல் இரசிகர்களுக்குச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கழகம் அறிவித்தது.