கொடுவா மீன்களைத் தாக்கும் விப்ரியோ நோய்

கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்திற்குக் கிழக்கே, வேம்பார், வைப்பாறு முதலிய கடலோரக் கிராமங்களில் நிலமுடைய விவசாயிகள் உவர்நீர்க் குளங்களில் கொடுவா வளர்க்க முற்படுமுன், விப்ரியோ என்னும் பாக்டீரியாக் கிருமியால் உண்டாகும் நோயை நன்கறிதல் அவசியமாகும். ஓராண்டுப் பாடு சில தினங்களில் அழிந்துபோகக் கூடும்.

இக்கிருமி கடல்நீரில் எக்காலத்தும் உள்ளது. திடமான மீனை எளிதில் பற்றாது. கிடையில் ஆடுகளை அளவு மீறி அடைத்தால் நோய் பரவுதல் போல, மீன்கள் நெருங்கி, மிஞ்சிய தீனி அழுகி, நீரில் பிராணவாயு குறையுங்கால் அவை பலங்குன்றி நோய்க்கு இடங்கொடுக்கும். பெரிய கொடுவா சிறியதைக் கடிக்கும். அப்புண் வழியே கிருமி உட்புகும். கோடை உஷ்ணத்தில் அது விரைந்து பெருகும்.

நோயின் குறிகளாவன: தீனியெடாமை, உடல் கருத்தல், துடுப்படியில் இரத்தங்கட்டுதல், தோலில் புண், கண்ணில் வெண்படலம்.

தடுக்கும் முறைகளாவன:

(1) குஞ்சுகளை நெருக்கமின்றி விட்டு, அளவுவாரியாகப் பிரித்து வளர்க்க வேண்டும்.

(2) தின்னுமளவே தீனியிட வேண்டும்.

(3) குளத்து நீரைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

(4) வலைகளை வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு குளத்து வலையை மறு குளத்தில் இடலாகாது.

(5) செத்த மீனை உடனே அகற்றிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோய்க் குளத்து நீரை ஓடையில் விடலாகாது.

மருந்தையே நம்பியிருத்தல் தகாது. நோயுற்ற மீன் தீனியெடாதாதலால், தீனியில் கலந்த மருந்து அதனுட் செல்லாது. மேலும், குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவை இந்தியாவில் மீன் வளர்ப்பில் தடுக்கப்பட்டவை. நார்வே தேசத்தில் சால்மன் மீன்களுக்குத் தடுப்பூசியிடும் வழக்கம் 1980-களுக்குப் பின் பரவியதால், மருந்துப் பிரயோகம் மிகவும் குறைந்தது. வருமுன் காத்தலே சிக்கனம்.

மீன்கள் திரளாக மடியின், கிராம அதிகாரிகள் மீன்வளத் துறையாருக்கு உடனே தெரிவித்தல் அயற்குளங்களையும் காக்கும்.