எலும்பும் உணவும் வர்க்கமும்: இடைக்கால மாத்தளையை முன்வைத்து ஒரு குறிப்பு

மாத்தளை மாவட்டத்து நாலந்தாவில் நிற்கும் கெடிகே என்னும் கற்கோயில் ஏறத்தாழ 8ஆம், 10ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டது. அதன் கட்டடக்கலை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்கற்களைச் சுமந்தவர்கள் எதை உண்டனர் என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. சான்றுகளின் இயல்பே இதற்குக் காரணம். இலங்கையின் இடைக்கால உணவு பற்றிய எழுத்துச் சான்றுகள் அரண்மனையையும் விகாரையையும் சார்ந்தவை. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் மிகிந்தலையில் பொறிப்பித்த கல்வெட்டு, விகாரைப் பணியாளர்க்குரிய அரிசியையும் நிலப்பங்கையும் விரிவாக வரையறுக்கின்றது. அது கொடுக்கப்பட வேண்டியதைக் கூறுகிறதேயன்றி உண்ணப்பட்டதைக் கூறவில்லை. விகாரைக்கு வெளியே சேனை வெட்டிக் குரக்கன் விதைத்தவன் அதில் இடம்பெறுவதில்லை.

எழுத்தில் இடம்பெறாதவனுக்கும் எலும்பு உண்டு. உண்ட உணவின் அணுக்களாலேயே உடல் ஆக்கப்படுகின்றது. நெல் முதலிய தாவரங்களும் குரக்கன், தினை முதலியனவும் வெவ்வேறு முறைகளில் ஒளித்தொகுப்புச் செய்வதால், அவற்றிற் சேரும் காபன்-13 சமதானியின் அளவு வேறுபடுகிறது. சர்வதேச நியமத்தோடு ஒப்பிடுகையில் அது முதல் வகையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 பங்கும், இரண்டாம் வகையில் 13 பங்கும் குறைவாகும். இவ்வேறுபாடு உண்டவரின் எலும்புப் புரதத்திலும் பதிகிறது. நைதரசன்-15 உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை உயர்வதால், ஊன், மீன், பால் ஆகியவற்றின் பங்கை அது சுட்டும். பல் இளமைக்கால உணவையும், எலும்பு இறப்புக்கு முந்திய பல்லாண்டு உணவையும் காட்டும். எனவே சோறுண்டவரையும் குரக்கனுண்டவரையும் பிரித்தறிவது கொள்கையளவில் இயலும். எனினும் வெப்பவலயப் புற்கள் பல குரக்கனின் வகையைச் சார்ந்தவை. அவற்றை மேய்ந்த பசுவின் பாலை உண்ட பிரபுவின் எலும்பும் அதே காபன் குறியைத் தரலாம். ஆகவே நைதரசனையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இம்முறை நமது முற்கற்பிதங்களுக்கு எப்போதும் இணங்குவதில்லை. 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திற் புதைக்கப்பட்ட 2,023 பேர் பற்றிய தரவுகளைச் சாம் லெகெட் ஆராய்ந்தார். அவரும் டொம் லம்பேட்டும் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, மேட்டுக்குடியினர் ஏனையோரினும் வழமையாக அதிக இறைச்சி உண்டமைக்குச் சான்றில்லை. அரசர்க்குரிய உணவுப் பட்டியல்கள் அன்றாட உணவையன்றி, எப்போதாவது நிகழ்ந்த பெருவிருந்துகளையே குறித்தன என அவர்கள் கருதினர். இதனால் சுரண்டல் இருக்கவில்லை என்றாகாது. நிலத்தின் மீதும் உழைப்பின் மீதும் நிலவிய ஆதிக்கத்தை உணவுத் தட்டில் மட்டும் தேடுவது போதாது என்பதே நாம் பெறும் பாடம்.

இலங்கையில் வெப்பமும் ஈரமும் எலும்புப் புரதத்தை விரைவில் அழிக்கின்றன. பல்லின் மிளிரி நிலைத்து நிற்கும். அதனைக் கொண்டே பற்றிக் றொபேட்ஸ் குழுவினர், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்பதை 2015இல் நிறுவினர். இடைக்காலத்துக்கோ வேறொரு தடையுண்டு. பிணத்தை எரிக்கும் வழக்கம் புரதத்தையும் எரித்துவிடுகிறது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவவின் கல்லறைகள் இடைக்காலத்துக்கு மிக முற்பட்டவை. அங்கும் எரியூட்டப்பட்ட எச்சங்களே தாழிகளில் இடப்பட்டிருந்தன.

எச்சம் கிடைத்தாலும் அதனை யார், எவ்வாறு எடுக்கின்றனர் என்பது முக்கியம். இதனை மாத்தளை நன்கறியும். 2012 நவம்பரில் வைத்தியசாலை வளாகத்தில் வெளிப்பட்ட புதைகுழியில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இருந்தன. தொல்லியல் ஆய்வு அவற்றை 1980களின் பிற்பகுதிக்குரியன என்றது. அமெரிக்காவிற் செய்யப்பட்ட காபன்-14 கணிப்போ 1950க்கு முற்பட்டன என்றது. காணாமற் போனோரின் உறவினர்க்கு இம்முரண்பாடு வெறும் ஆய்வுச் சிக்கலன்று. ஆய்வுகூடத்தின் எண் தனித்து நின்று வரலாறாகிவிடுவதில்லை. மண்ணடுக்கு, அகழ்ந்த முறை, மாதிரியைத் தெரிந்தோர், முடிவைப் பரிசீலிக்கும் உரிமை ஆகியனவும் உடன் நிற்றல் வேண்டும்.

நேற்று இறந்தவனுக்குப் பொருந்தும் இந்நியதி ஆயிரமாண்டுக்கு முன் இறந்த உழவனுக்கும் பொருந்தும். மன்னரின் கல்வெட்டைக் காப்பதில் காட்டப்படும் கவனம், பெயரற்றவனின் ஒரு பல்லைக் காப்பதிலும் காட்டப்படும்போதுதான் மாத்தளையின் இடைக்கால வரலாறு உழைத்தோரின் வரலாறாகவும் எழுதப்படும்.