அனாட்டமி ஹால் வாசலில் ஓர் எச்சரிக்கை... மருத்துவ மாணவர்களுக்கு அது மட்டும் போதுமா?

நீட் தாண்டி, வெள்ளை கோட் மாட்டிய சில வாரங்களிலேயே மாணவர்கள் நிற்கும் இடம், அனாட்டமி ஹால். முதன்முதலாக ஒரு சடலத்தின் முன்னால்! தலை சுற்றினால், 'நீயெல்லாம் எப்படி டாக்டர் ஆவே?' என்ற கேலி வேறு.

1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இயங்கும் சிதம்பரம் வளாகத்திலும் இதே பாடம்தான். 2019-ல் நாடு முழுவதும் வந்த புதிய எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்தில், 'சடலமே நம் முதல் ஆசிரியர்' என்றொரு பகுதியும் உண்டு.

'இது உங்கள் மனதைப் பாதிக்கலாம்' என முன்கூட்டியே சொல்வதுதான் 'ட்ரிகர் வார்னிங்'. ஆனால், அந்த எச்சரிக்கை மட்டும் வேதனையைக் குறைப்பதில்லை. பார்க்கும் முன்பே பதற்றத்தைக் கூட்டுகிறது என்கின்றன ஆய்வுகள். பார்த்த பிறகு மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையப் பணிக்குழுவின் 2024 அறிக்கைக்காக நடந்த சர்வேயில், தங்களுக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்ன எம்.பி.பி.எஸ் மாணவர்கள் 27.8%.

உங்கள் பிள்ளையும் மருத்துவம் படிக்கிறாரா? இன்றிரவு போனில் 'சாப்பிட்டியா?' என்பதோடு, 'இன்னைக்கு கிளாஸ்ல என்ன பார்த்தே... மனசு எப்படியிருக்கு?' என்றும் கேளுங்கள். தேவைப்பட்டால், 24 மணி நேர இலவச 'டெலி மானஸ்' எண்: 14416.