விருந்தும் திதியும்

நியூயார்க் நகரின் செல்வர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரவு விருந்துக்குக் கூடுகின்றனர். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு நிதி திரட்டுவதற்காக 1948-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. அன்று ஓர் இருக்கையின் விலை 50 டாலர். இன்றோ பல்லாயிரம் டாலர். வேறு பல நகரங்களிலும் இத்தகைய விருந்துகள் உண்டு. ஊருக்கு உழைத்த பெரியவர் ஒருவரை நடுவில் அமர்த்திப் புகழுரை கூறுவர். விருந்துச் சீட்டு விற்ற பணம் அருங்காட்சியகத்துக்குச் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இலை எடுத்த பின்னர் அப்பெரியவரை யார் நினைப்பர்? திருவண்ணாமலையில் வல்லாள மகாராசா கோபுரத்தின் கீழ் நின்றபோது இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் தலைநகரை இழந்து, இம்மலையடியைத் தன் இருப்பிடமாகக் கொண்டவன். முதுமையிலும் போர்க்களம் புகுந்தான். 1342-ஆம் ஆண்டளவில் கண்ணனூர்ப் போரில் மதுரைச் சுல்தானிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது எண்பது என்று மதுரைக்கு வந்திருந்த பயணி இபின் பதூதா எழுதியுள்ளார். வைக்கோல் அடைக்கப்பட்ட மன்னனின் தோல் நகர மதிலில் தொங்கியதையும் அவர் தம் கண்ணால் கண்டார்.

மகப்பேறு இல்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது அருணாசல புராணம் கூறும் கதை. ஆகவே தைப்பூசத்தன்று மன்னன் இறந்த செய்தி சுவாமிக்கு அறிவிக்கப்படுகிறது. உற்சவமூர்த்தி மேளதாளமின்றிக் கோயில் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் திதி நடைபெறுகிறது. இறந்தோருக்காக ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுக்கும் நமக்கு இவ்வழக்கத்தின் உருக்கம் விளங்காமல் போகாது. எழுநூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு மரணத்துக்கு ஓர் ஊர் இன்னும் மேளத்தை நிறுத்துகிறதே!

நிதி திரட்டும் கலையும் நம் முன்னோருக்குப் புதிதன்று. கோயிலில் நந்தா விளக்கு எரிய விரும்பியவர் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை அளிப்பார். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகளால் மந்தை குறையாது பெருகுவதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கெரிக்கும் இத்திட்டத்தை எந்த வங்கியாளர் குறை கூற முடியும்? கொடுத்தவர் பெயர் சுவரில் ஏறியது உண்மையே. ஆனால் விளக்கின் ஒளியை அது மறைக்கவில்லை. நம் பங்குக் கோயில்களின் குழல்விளக்குகளில் 'உபயம்' என்னும் எழுத்து படும் பாட்டை இங்கே விரித்துரைக்க வேண்டாம்!

பெரியவர் ஒருவரின் பெயரால் மக்களிடம் நிதி திரட்டி அருங்காட்சியகமே அமைத்த செய்தியும் தமிழகத்தில் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டு இறந்த பின்னர், காந்தி நினைவு நிதிக்குத் தொழிலதிபரும் தொழிலாளரும் பொருள் அளித்தனர். அந்நிதியின் துணையால் எழுந்த நிலையங்களுள் ஒன்று மதுரையில், ராணி மங்கம்மாள் பெயரோடு இணைந்த தமுக்கம் அரண்மனையில் அமைந்தது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார்.

அந்நகரத்தில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் தம் வழக்கமான உடையைக் களைந்து, ஏழை உழவரைப்போல் முழந்துண்டு உடுத்தினார். உடைப் பிரிவுக்காக நடைபெறும் நியூயார்க் விருந்தில் ஒரு மாலைக்கென்றே தைத்த பட்டாடைகள் மின்னும். மதுரையிலோ காண்பதற்கு ஒரே ஒரு துணி: அடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, குருதிக்கறை படிந்த துணி. அதன் முன்னே பள்ளிச் சிறுவர்களும் பேச்சை நிறுத்தி நிற்பதைக் காண்கிறோம். உள்ளே செல்லக் கட்டணம் ஏதும் இல்லை.